பன்னிரண்டு கரண்டி

"காசிமிர் வரைக்கும் கரண்டி தா, பரா!"

குசினி யன்னலுக்கு வெளியே நெற்றியும் இரண்டு கண்ணும் மட்டும் தெரியும். நான் ஒன்பது கரண்டியை ஒரு கிண்ணத்தில் போட்டு நீட்டுவேன். பார்த்துக்கொண்டு நிற்கும் புது ஆட்களுக்கு, கேட்ட பிள்ளைக்கும் கொடுத்த மனிசனுக்கும் ஒரே நேரத்தில் மறை கழன்றுவிட்டது என்றுதான் தோன்றும்.

என் பெயர் பரராசசிங்கம். வயது ஐம்பத்தெட்டு. பேர்லினில் நொய்கெல்ன் பகுதியில், கிற்றா என்று இங்கே சொல்லப்படும் பாலர் பாடசாலை ஒன்றில் சமையல்காரன். அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் உணவகக் குசினிகளில் வெந்தவன். முழுப்பெயரைச் சொல்ல ஜேர்மன்காரருக்கு நாக்கு வளையாது என்பதால் பிள்ளைகளுக்கு நான் பரா. முன்கோபக்காரன் என்று பெயர் எடுத்தவன், அது பொய்யும் இல்லை. ஆனால் இது என் கதை இல்லை, மரியமலரின் கதை. நான் ஒரு பிழை செய்தபடியால் இதற்குள் வந்து நிற்கிறேன்.

மலருக்கு நாற்பத்தெட்டு வயது. யாழ்ப்பாணம் குருநகரில் பிறந்தவள். இருபத்து மூன்று வயதில் இங்கே வந்து இறங்கிய கையோடு துப்புரவு வேலைக்குப் போனாள். ஒரு பெரிய பள்ளிக்கூடம், மாடிக்குப் பன்னிரண்டு வகுப்பறை. எந்த அறை முடிந்தது, எது மிச்சம் என்று குழம்பாமல் இருக்க அவள் ஒரு வழி வைத்திருந்தாள். ஓர் அறையை முடித்துக் கதவைச் சாத்தும்போது பெருவிரல் மற்ற விரல்களின் அடுத்த கணுவுக்கு நகரும். சின்னி விரலின் அடிக்கணுவில் தொடங்கி, விரலுக்கு மூன்றாக, சுட்டுவிரல் நுனியில் வந்து முடிந்தால் பன்னிரண்டு. கை நிறைந்தால் மாடி முடிந்தது. நம் ஆட்கள் எல்லோரும் எண்ணுகிற விதம்தான். ஆனால் பதினைந்து வருடம் அப்படி எண்ணி எண்ணி மலரின் பெருவிரலுக்கு அது மூச்சு விடுவது போல் ஆகிவிட்டது.

அந்த வகுப்பறைகளில் கரும்பலகையைத் துடைக்க வேண்டியதும் அவள்தான். பிள்ளைகள் எழுதி வைத்த கணக்கை வாசித்துப் பார்க்காமல் துடைத்ததே இல்லையாம். முப்பத்தெட்டு வயதில் திடீரென்று துடைப்பத்தை வைத்துவிட்டு, பாலர் ஆசிரியைக்குரிய அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்யப் போனாள். பத்தொன்பது வயதுப் பெட்டைகளுக்கு நடுவே மூன்று வருடப் படிப்பு. கணவர் பொதி பிரிக்கும் இடத்தில் வேலை, மகன் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. "உமக்கு ஏன் இந்த வயசில உந்த விசர் வேலை?" என்று ஊரே கேட்டது. கேட்டவர்களில் நானும் ஒருவன். அவள் சிரித்துவிட்டுப் போய்ப் படித்துச் சித்தியடைந்து, நான் வேலை செய்யும் கிற்றாவிலேயே வந்து நின்றாள்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. மற்ற ஆசிரியைகள் மதியம் பிள்ளைகளோடு குட்டிக் கதிரையில் இருந்து சாப்பிடுவார்கள். மலர் இருக்க மாட்டாள். ஒருத்திக்கு உருளைக்கிழங்கை நசித்துக் கொடுப்பாள், ஒருத்தனின் மூக்கைத் துடைப்பாள். எல்லோரும் படுக்கப் போனபின் என் குசினித் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி, சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுவாள். "இருந்து சாப்பிடுமன்" என்று நான் சொன்னால், "நிண்டு பழகிப்போச்சு அண்ணை" என்பாள். நானும் அதற்கு மேல் கேட்டதில்லை.

போன வருடம் மாசி மாதத்தில் ஆசிரியைகளுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு எண்களை எப்படி அறிமுகம் செய்வது என்று. மலர் திரும்பி வந்தபோது நான் கரட் சுரண்டிக்கொண்டு இருந்தேன். அவளும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். முகம் வேறு மாதிரி இருந்தது.

"அண்ணை, இண்டைக்கு ஒரு படம் காட்டினவை. அவுஸ்திரேலியாவில ஆதிக்குடி ஆக்களின்ர ஒரு பள்ளிக்கூடம். அவையளுக்க இருந்தே வந்த ஒரு ரீச்சர். பிள்ளையளை மணலில இருத்தி வைச்சிருக்கிறா. கொப்பியும் இல்லை, பென்சிலும் இல்லை. விதை, இலை, தடி."

"அப்ப என்னத்தைப் படிப்பிக்கிறா?"

"ஒருத்தியைக் கூப்பிட்டு, உன்ர வீட்டில ஆரார் இருக்கினம், ஒவ்வொருத்தருக்கும் ஒரு விதை வை எண்டிறா. பிள்ளை அம்மாவுக்கு ஒண்டு, மாமாவுக்கு ஒண்டு, மச்சாளுக்கு ஒண்டு எண்டு மணலில வைச்சுக்கொண்டு போகுது. வைச்சு முடிய அவ கேக்கிறா, இப்ப எல்லாருக்கும் மீன் பங்கு போட்டா எத்தினை துண்டு வேணும் எண்டு. பிள்ளை டக்கெண்டு சொல்லுது அண்ணை. பள்ளிக்கூடத்தில ஒண்டு ரெண்டு சொல்லத் தெரியாது எண்டு ஒதுக்கி வைச்ச பிள்ளையாம்."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "எங்களுக்கு வாய்ப்பாட்டைப் பிரம்பாலதான் ஏத்தினவை. இண்டைக்கும் பதினாறாம் வாய்ப்பாடு நித்திரையிலயும் வரும்" என்றேன்.

"வரும். அதோட பயமும் வரும்" என்றாள் மலர். பிறகு கரட்டைப் பார்த்தபடி சொன்னாள்: "அந்த ரீச்சர் கடைசியா ஒண்டு சொன்னவ. பிள்ளைக்கு எண்ணத் தெரியாது எண்டு தொடங்காதேங்கோ, வீட்டில அது என்னத்தை எண்ணுது எண்டு முதல் கேளுங்கோ எண்டு. அஞ்சு வருசமா நான் ஒரு வீட்டிலயும் கேக்கேல்ல அண்ணை."

அடுத்த நாளிலிருந்து கேட்கத் தொடங்கினாள். பின்னேரம் பிள்ளையைக் கூட்டிப்போக வருகிற ஒவ்வொருவரையும் வாசலில் மறித்து, உங்கள் வீட்டில் எதை எண்ணுவீர்கள், எப்படி எண்ணுவீர்கள் என்று விசாரணை. சனம் முழித்தது. மதில்டாவின் அப்பா, லிஃப்ட் இல்லாத வீட்டில் நாலாம் மாடிக்கு எழுபத்தெட்டுப் படி, மகளோடு தினமும் எண்ணிக்கொண்டுதான் ஏறுவேன் என்றார். காசிமிரின் அம்மா போலந்துக்காரி. கொழுக்கட்டை போல ஒன்று அவிப்பார்களாம், மகன்தான் வரிசைக்கு ஆறாக அடுக்குவானாம். யூனுசின் துருக்கித் தாய் ஐந்து கல்லை ஒரு துணிப்பையில் போட்டு அனுப்பினாள். மேலே எறிந்து கீழே உள்ளதை வாரிப் பிடிக்கும் விளையாட்டு. பார்த்தால் எங்கள் கொக்கான்! நான் கையைத் துடைத்துக்கொண்டு போய் ஒரு முறை எறிந்து பிடித்துக் காட்டினேன். சின்ன வயதில் பெட்டைகளோடு கொக்கான் விளையாடியதற்கு வாங்கிய அடி எல்லாம் அன்றைக்குத்தான் பிரயோசனப்பட்டது.

பிலாலின் அப்பா லெபனான்காரர். தொழுகை முடிந்து சொல்லும் துதிகளைக் கணக்கு வைப்பதற்கு விரல் கணுக்களில் எண்ணுவோம் என்று கையை விரித்துக் காட்டினார். மலர் தன் கையை அவர் கைக்குப் பக்கத்தில் நீட்டினாள். "நானும் செபமாலை கையில் இல்லாவிட்டால் இப்படித்தான்" என்றாள். இரண்டு பேரும் வாசலில் நின்று பெருவிரலை நகர்த்திக்கொண்டு சிரித்தார்கள்.

அங்கேதான் அந்த யோசனை பிறந்தது. அவளுடைய குழுவில் சரியாகப் பன்னிரண்டு பிள்ளைகள். பூங்காவுக்குக் கூட்டிப் போகும்போதும் பஸ்ஸில் ஏற்றும்போதும் அவள் பெருவிரல் தன்பாட்டில் அவர்களை எண்ணிக்கொண்டுதான் இருந்தது. இனி ஆளுக்கொரு கணு என்று கொடுத்துவிட்டாள். சின்னி விரலின் அடிக்கணு மதில்டா. அதற்கு மேலே இரண்டு பேர். மோதிர விரலின் நடுக்கணு யூனுஸ், அது ஐந்து. நடுவிரலின் அடிக்கணு ஆரணி, அது ஏழு. அதே விரல் நுனி காசிமிர், ஒன்பது. சுட்டுவிரல் நுனியில் பிலால், பன்னிரண்டு. ஒரு பெரிய கையைக் கடதாசியில் வரைந்து, கணுவுக்குக் கணு படம் ஒட்டிச் சுவரில் மாட்டினாள். ஒரு கிழமைக்குள் பன்னிரண்டு பிள்ளைகளும் தங்கள் கையில் மற்ற எல்லோரையும் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். காலையில் வந்ததும் பெருவிரலால் தடவிப் பார்த்து, "எமீல் இல்லை, இன்றைக்குப் பதினொன்று" என்று அவர்களே சொல்வார்கள். எமீலுக்குக் காய்ச்சல் என்றால் அவன் கணுவை ஊதிவிடுவார்கள், சுகம் வரட்டும் என்று.

மலர் ஒன்றில் மட்டும் கறாராக இருந்தாள். பெயரைச் சொன்னால் இலக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "யூனுஸ் வரைக்கும், ஐந்து." பெயர் மட்டும் போதாது என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வைப்பாள்.

கெடுத்தவன் நான்.

சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகள் கரண்டி கேட்டு யன்னலுக்கு வருவார்கள். முதல் நாள் "யூனுஸ் வரைக்கும்" என்று கேட்டபோது எரிச்சல்தான் வந்தது. பிறகு சுவரில் இருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து நானும் பன்னிரண்டு பேரையும் என் விரலில் ஏற்றிவிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அதில் ஒரு பெரிய சந்தோசம். நான் தனி ஆள். கல்யாணம், குடும்பம் ஒன்றும் அமையவில்லை. சட்டி கழுவும்போதுகூட என் பெருவிரல் மதில்டா, யூனுஸ், ஆரணி என்று போய்க்கொண்டு இருக்கும். அந்தச் சந்தோசப் புளுகத்தில் நான் ஒரு சட்டம் போட்டேன். என் யன்னலில் இலக்கம் சொல்லக் கூடாது, பெயர் மட்டும்தான், இலக்கம் சொன்னால் கரண்டி கிடையாது. பிள்ளைகளுக்கு அது பெரிய பகிடி. "ஐந்து" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால், "ஐயோ, தராதே தராதே, யூனுஸ்!" என்று கத்துவார்கள்.

ஆரணியின் அப்பா கிருபன் நகர பஸ் ஓட்டுகிறான். என்னை விட இருபது வயது இளையவன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மதியச் சாப்பாட்டுக்குப் போகிற வீடு அவனுடையது. இந்தக் கிற்றாவில் பிள்ளையைச் சேர் என்று சொன்னதும் நான்தான். ஆரணிக்கு அந்த ஆவணியில் ஆறு வயது ஆக இருந்தது. தெரிந்தவர்களிடம் வாய் ஓயாது. புது ஆட்களைக் கண்டால் உதடு ஒட்டிவிடும்.

இங்கே முதலாம் வகுப்புக்குப் போகுமுன் பிள்ளையைப் பள்ளி வைத்தியர் ஒருவர் பார்ப்பார். கண், காது, நடை, பேச்சு, பிறகு கொஞ்சம் எண்ணிக்கை. ஆரணிக்குப் பங்குனி கடைசியில் தெர்மின், அதாவது வரச்சொல்லிக் குறித்த நாள். அன்று காலை கிருபன் அவளைக் கிற்றாவில் விட்டு, பத்து மணிக்கு வந்து கூட்டிப் போவதாக ஏற்பாடு. அவள் காலைச் சாப்பாட்டுப் பாணைத் தொடவே இல்லை. யன்னலடியில் வந்து நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். நான் வெளியே போய் முழங்காலில் இருந்து சொன்னேன்:

"பயப்பிடாதை குஞ்சு. அங்க ஒரு அன்ரிதான் இருப்பா. அவ கேக்கேக்க, நான்தான் இந்த யன்னலுக்க நிண்டு கேக்கிறன் எண்டு நினைச்சுக்கொள். என்னோட கதைக்கிற மாதிரியே அவவோட கதை. சரியே?"

"ஓம்" என்றாள். முகம் தெளிந்தது. எனக்கும் பெருமையாக இருந்தது.

அடுத்த நாள் காலை கிருபன் வந்தபோது முகம் கறுத்திருந்தது. உள் நடைபாதையில் மலரை நிறுத்தி, வைத்தியர் கொடுத்த கடதாசியை நீட்டினான். அவன் சொன்னது குசினிக்குள் நின்ற எனக்கும் காதில் விழுந்தது.

"வாசியுங்கோ அக்கா. ஐஞ்சு தாரா வாத்துப் படத்தைக் காட்டி எத்தினை எண்டு கேட்டிருக்கினம். யூனுஸ் எண்டாளாம். திருப்பிக் கேக்க, யூனுஸ்தான் எண்டாளாம். விரலில காட்டச் சொல்ல, கையைப் பொத்திக்கொண்டு நிண்டாளாம். எண்ணிக்கை விளங்கேல்ல, கேள்விக்குச் சம்பந்தமில்லாத பேரைச் சொல்லுறாள் எண்டு எழுதிக் கிடக்கு. ஆறு கிழமையால திரும்பப் பாப்பினமாம். அதுக்குப் பிறகும் இப்பிடியெண்டா இன்னொரு வருசம் இங்கயே இருக்கட்டுமாம். ஏழு வயசு மட்டும் விளையாடுறதே? கூடப் படிக்கிற பிள்ளையள் எல்லாம் போக, என்ர பிள்ளை மட்டும் நிண்டு பாக்கிறதே?"

மலர் கடதாசியை இரண்டு தரம் வாசித்தாள். "பிழை என்னிலதான் கிருபன்" என்றாள்.

"விளையாட்டு விளையாட்டு எண்டு..." கிருபன் பாதியில் விட்டான். "நேற்றைக்கு வீட்டை வந்து கேக்கிறாள் அக்கா, அப்பா நான் பிழையாச் சொல்லிட்டனோ எண்டு. நான் என்னத்தைச் சொல்ல?"

"நான் பாத்துக்கொள்ளுறன். ஆறு கிழமை இருக்கு" என்றாள் மலர். அன்று மத்தியானமே சுவரில் இருந்த கையைக் கழற்றிச் சுருட்டி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டாள். பிள்ளைகள் கேட்டதற்கு, கொஞ்ச நாளைக்கு வேறு மாதிரி எண்ணுவோம் என்றாள். ஜேர்மன் பழக்கப்படி பெருவிரலை நீட்டி ஒன்று, சுட்டுவிரலை நீட்டி இரண்டு. ஆரணியைப் பக்கத்தில் இருத்திப் பொத்தான்களையும் பூக்களையும் காட்டிக் காட்டி எண்ண வைத்தாள். அந்தப் பிள்ளை குரலே இல்லாமல் எண்ணியது. இடையில் மேசைக்குக் கீழே அதன் பெருவிரல் கணுக்களைத் தேடும். தேடிவிட்டு, களவு செய்தது போல மலரைப் பார்க்கும்.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. உண்மையாகவே விளங்கவில்லை. மலர் கொஞ்சம் கூடத்தான் விளையாட விட்டுவிட்டாள் என்று மனதுக்குள் அவளைக் குறையும் சொன்னேன். ஒரு கிழமை கழித்து யூனுஸ் யன்னலுக்கு வந்தான். வந்தவன் கேட்காமல் நின்றான்.

"என்ன வேணும்?"

"பரா, இப்ப இலக்கம் சொல்லலாமா? சொன்னாலும் கரண்டி தருவாயா?"

கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தேன். என்னோடு கதைக்கிற மாதிரியே கதை என்று அவளுக்குச் சொன்னது யார்? என் யன்னலில் இலக்கம் சொன்னால் கரண்டி இல்லை என்று சட்டம் போட்டது யார்? அந்தப் பிள்ளை நான் சொன்னதை அச்சொட்டாகச் செய்திருக்கிறது. வைத்தியர் ஐந்து தாராவைக் காட்ட, அவள் என்னைப் பார்த்திருக்கிறாள்.

பிள்ளைகள் படுத்தபின் மலர் வழமை போலத் தொட்டிக்குப் பக்கத்தில் கோப்பையோடு நின்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"எனக்குத் தெரியும் அண்ணை" என்றாள்.

"எப்ப தொடக்கம்?"

"கிருபன் கடதாசியை நீட்டின அண்டைக்கே. என்னோட இருக்கேக்க அவள் இலக்கம் சொல்லாமல் விட்டதில்லை. உங்கட யன்னலிலதான் பேர் மட்டும் சொல்லுறவள்."

"அப்ப ஏன் என்னைச் சொல்லேல்ல? ஏன் பழியை நீர் தூக்கினீர்?" எனக்குக் கோபம் வந்தது. என் மேல் வரவேண்டிய கோபம், பழக்கதோசத்தில் அவள் மேல் வந்தது.

மலர் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். "கிருபன் கோவிச்சா லேசில ஆறமாட்டார். என்னோட கோவிச்சா அவர் என்ன, வேற குழுவுக்கு மாத்தச் சொல்லுவார். உங்களோட கோவிச்சா நீங்கள் ஞாயிற்றுக்கிழமை எங்க போவியள் அண்ணை?"

நான் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறேன் என்பதை ஒருத்தி கணக்கில் வைத்திருக்கிறாள் என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது. அழுகை வந்தது. வெங்காயம் உரிக்கத் தொடங்கினேன்.

அந்த ஞாயிறு கிருபன் வீட்டில் கோப்பைக்கு முன்னால் இருந்து, சோற்றில் கை வைக்க முன்னம் சொல்லி முடித்தேன். அவன் தன் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தான். மனைவி சிவானுஜா என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆரணி மேசைக்குக் கீழே ஏதோ விளையாடிக்கொண்டு இருந்தாள்.

"அண்ணை, இதை எனக்குச் சொல்லி என்ன?" என்றான் கடைசியில். "அங்க வந்து அந்த டொக்டருக்குச் சொல்லுங்கோ. டொச்சில."

என் ஜேர்மன் மொழி குசினி டொச். உப்புக் கூட, அடுப்பைக் குறை, வெட்டின விரலுக்குப் பிளாஸ்ரர் கொண்டா. அலுவலகம் என்றாலே எனக்கு அகதியாக வந்தபோது நடந்த முதல் விசாரணை ஞாபகம் வந்துவிடும். ஒரு சொல் பிழைத்தால் நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நடுங்கியபடி இருந்த அந்தக் கதிரை. முப்பது வருடமாக எந்த அலுவலகத்துக்கும் நான் தனியாகப் போனதில்லை. ஆனாலும் வாறன் என்றேன். மலர் அந்தக் கையைத் திரும்பச் சுவரில் மாட்டினாள். நானும் யன்னலில் சட்டத்தை மாற்றினேன். பெயரும் வேண்டும், இலக்கமும் வேண்டும், ஒன்று குறைந்தாலும் கரண்டி இல்லை.

சித்திரை முடிந்து இரண்டாம் தெர்மின். கிருபன் பஸ் உடுப்போடு, மலர் கிற்றாவின் சார்பில், நான் எழுதிப் பாடமாக்கிய ஒரு துண்டோடு. வைத்தியர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். களைத்த முகம், ஆனால் கண் நல்ல கண். எங்களைப் பார்த்து, ஒரு பிள்ளைக்கு இத்தனை காவலா என்றார். நான் நின்றபடியே துண்டைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினேன். நான் சமையல்காரன். என் யன்னலில் பிள்ளைகள் இலக்கம் சொல்லக் கூடாது. இது என் பிழை. இந்த ஆசிரியையின் பிழை இல்லை. பிள்ளையின் பிழையும் இல்லை. அதற்கு மேல் துண்டில் எழுதியிருந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. கையை நீட்டிப் பெருவிரலை வைத்துக் காட்டினேன். "மதில்டா, ஒன்று. யூனுஸ், ஐந்து. ஆரணி, ஏழு."

வைத்தியர் பேனையை வைத்துவிட்டு என் கையைப் பார்த்தார். "சரி. பார்ப்போம். நீங்கள் எல்லோரும் சுவரோரம் இருங்கள். யாரும் வாய் திறக்கக் கூடாது" என்றார்.

ஐந்து தாரா. ஆரணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். "யூனுஸ்" என்றாள் மெல்ல. "ஐந்து" என்றாள் பிறகு. ஏழு பந்து. "அது நான்" என்றாள். "ஏழு." ஆறு பூவில் இரண்டை மறைத்தபோது நாலு என்றாள். விரலில் மூன்று காட்டச் சொன்னதும் பெருவிரல் சின்னி விரல் நுனிக்குப் போனது. வைத்தியர் குனிந்து, அந்தச் சின்னக் கையைத் தன் கையில் ஏந்தி, கணுவைத் தொட்டு எண்ணிப் பார்த்தார். ஏதோ எழுதினார்.

கடைசியாக, கடதாசியில் இல்லாத ஒரு கேள்வி கேட்டார். "உங்கள் குழுவில் எத்தனை பேர்?"

"பதின்மூன்று" என்றாள் ஆரணி.

பேனை நின்றது. அந்தக் கேள்விக்கு அவள் நித்திரையிலும் பன்னிரண்டு என்று சொல்வாள். மலர் குனிந்துவிட்டாள். கிருபன் கண்ணை மூடிக்கொண்டான்.

வைத்தியர் முன்னால் இருந்த கிற்றாக் கடதாசியைப் புரட்டினார். "இங்கே பன்னிரண்டு என்று இருக்கிறதே. நன்றாக யோசித்துச் சொல்."

"பதின்மூன்று."

"எனக்கு எண்ணிக் காட்டுவாயா?"

ஆரணி கையைத் தூக்கிப் பிடித்தாள். பெருவிரல் சின்னி விரலின் அடியில் தொடங்கியது. மதில்டா ஒன்று. அவள் அவசரப்படவில்லை. மோதிர விரலில் ஏறினாள், நடுவிரலில் தன் கணுவைத் தொட்டாள், காசிமிர் ஒன்பது என்றாள், சுட்டுவிரல் நுனிக்கு வந்தாள். "பிலால், பன்னிரண்டு." அங்கே கை நிறைந்துவிட்டது. இனி வைக்க இடம் இல்லை. வைத்தியர் காத்திருந்தார்.

ஆரணி அந்தப் பெருவிரலையே நிமிர்த்திப் பிடித்தாள்.

"மலர்" என்றாள். "பதின்மூன்று. அவதானே எங்களை எண்ணிக்கொண்டு வாறவ."

பிறகு வைத்தியர் மலரைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் குனிந்து எழுதினார். எழுதிக்கொண்டே, "செப்டெம்பரில் பள்ளிக்குப் போகலாம். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை" என்றார். கிருபன் எழுந்து மகளைத் தூக்கிக்கொண்டான். மலர் எழும்பவே இல்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க இருந்தாள். ஆறு வருடம் அவளோடு வேலை செய்கிறேன். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

அடுத்த நாள் மத்தியானம் கரண்டி கேட்டு ஒருவரும் வர முதல் நானே கிண்ணத்தை எடுத்து யன்னலில் வைத்தேன். பக்கத்தில் கோப்பைகளையும் அடுக்கினேன். அவற்றைத் தூக்கிக்கொண்டு போன மலர் பாதி வழியில் நின்றாள். பெருவிரல் நகர்ந்தது. திரும்பி வந்தாள்.

"அண்ணை, ஒண்டு கூடிப்போச்சு."

"கூடேல்ல" என்றேன். "உம்மட கையை வடிவாப் பாரும்."

அவள் நின்று யோசித்தாள். மேசையில் ஆரணி தன் பக்கத்துக் குட்டிக் கதிரையை இழுத்து வைத்துக்கொண்டு, மலரைப் பார்த்தபடி இருந்தாள். மலர் போய் அதில் இருந்தாள். முழங்கால் இரண்டும் மேசைக்கு மேலே வந்து நின்றன. பதின்மூன்றாவது கரண்டியைக் கையில் எடுத்தாள்.

அன்றைக்குப் பருப்பு சூப். உப்பு ஒரு கல் கூடிவிட்டது என்று எனக்குத் தெரியும். அவள் ஒன்றும் சொல்லாமல் முழுவதையும் இருந்து சாப்பிட்டாள்.